பொழுது சாய்வதற்குள் ஒரு கை தண்ணீர்

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் அப்பாண்டை நைனார், ஏரிகளைப் பார்க்கும் அதிகாரிக்குச் சர்க்கார் ஜீப் ஓட்டுகிறவர். எறும்பு குறுக்கே வந்தாலும் ஹாரன் அடிப்பார் என்று ஆபீஸில் கேலி உண்டு. பொய் சொல்வதில்லை என்று சின்ன வயதில் எடுத்த விரதம் வேறு. அதை வைத்துக்கொண்டு சர்க்கார் உத்தியோகத்தில் எப்படிப் பன்னிரண்டு வருஷம் தள்ளினார் என்றால், வாயைக் குறைத்துக்கொண்டார். வண்டி எங்கே போனது என்று எழுதும் புத்தகத்தைப் பியூன் குப்புசாமி நிரப்புவான். இவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

1972 தை மாதம். அவர் அம்மா மனோன்மணி சல்லேகனை ஏற்றுப் பதினோராம் நாள். எண்பது வயது, வயிற்றில் கட்டி, வைத்தியர் கைவிரித்தாயிற்று. சாப்பாட்டை விட்டுவிட்டுச் சாவுக்குக் காத்திருக்கும் நோன்பு அது. நாளுக்கு ஒரு தரம், காய்ச்சி வடிகட்டிய தண்ணீர் ஒரு கை. அதுவும் மகன் கையால், பொழுது சாய்வதற்குள். ஐந்து மணிக்கு ஆபீஸ் விட்டால் ஐந்தரைக்கு மகன் வீட்டில் இருப்பான் என்று நம்பித்தான் கிழவி சங்கல்பம் செய்துகொண்டாள். அதிகாரியின் மச்சான் டெல்லியிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குவார் என்று அவள் கண்டாளா?

அன்று காலை குப்புசாமி புத்தகத்தில் ‘ஏரிக்கரைகள் ஆய்வு’ என்று எழுதினான். போவதோ மகாபலிபுரம், திருக்கழுக்குன்றம், வேடந்தாங்கல். சாப்பாட்டுக் கூடை தூக்க அவனும் கூட.

“லீவு கேளேன், நைனாரே.”

“கேட்டேன்பா. வேற டிரைவர் இல்லன்னுட்டாரு.”

“அம்மா பூட்டாங்கன்னு சொல்லு, உடனே உட்டுடுவாரு. எங்கம்மாவ நான் மூணு வாட்டி சாவடிச்சிருக்கேன். அது இன்னும் முறுக்கு கடிச்சிக்கினு இருக்குது.”

அப்பாண்டை காதைப் பொத்திக்கொண்டார்.

மகாபலிபுரத்தில் மச்சானின் பிள்ளைகள் கல் யானைமேல் ஏறி, இறங்க மறுத்தன. அதனால் திருக்கழுக்குன்றத்தில் மூச்சிரைக்கப் படியேறிப் போனபோது, கழுகுகள் உச்சிவேளைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் பறந்திருந்தன. மறுபடி கூப்பிட முடியுமா என்று அதிகாரி கேட்டார். குருக்கள் அவரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மடப்பள்ளிக்குள் போய்விட்டார்.

வேடந்தாங்கல் சேர்ந்தபோது மணி நாலு. மரங்கள் பாதி காலி.

“இரை தேடப் போயிருக்குதுங்க சார்,” என்றார் காவல்காரர். “அஞ்சரைக்குக் கூட்டங்கூட்டமா திரும்பும். அதைத்தான் பாக்கணும்.”

காஞ்சிபுரத்துக்கு ஒன்றேகால் மணி நேர ஓட்டம். அப்பாண்டை தானாக அதிகாரி முன் போய் நின்றது அதுதான் முதல் தடவை.

“இப்ப கெளம்பினா நல்லது சார்.”

“ஏம்பா, வண்டி ரிப்பேரா?”

ஆமாம் என்றால் போதும். அதிகாரி பின்னால் நின்ற குப்புசாமி தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டிக் காட்டினான்.

“வண்டி நல்லா இருக்குது சார். எங்கம்மா தண்ணி குடிக்கணும்.”

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏன், தண்ணி குடுக்க வீட்ல சம்சாரம் இல்லையா?” என்றார் அதிகாரி.

“இருக்குது சார். ஆனா என் கையாலதான் குடிப்பாங்க. பொழுது போனா தொட மாட்டாங்க.”

“லீவுக்கு ஆயிரம் கதை கேட்டிருக்கேம்பா. இது புதுசு!”

அதிகாரி கெட்டவர் இல்லை. பசியில் உளறுகிறான் என்று இரண்டு வாழைப்பழம் கொடுத்தனுப்பினார்.

ஐந்தரைக்கு வந்தன. நாரை, கொக்கு, நீர்க்காகம் என்று வானம் கொள்ளவில்லை. ஒவ்வொன்றும் வழி தவறாமல் தன் கூட்டில் இறங்கியது. குஞ்சுகள் வாயைப் பிளந்தன. மச்சான் கைதட்டினார். அப்பாண்டை மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் எல்லையில் ஓரிக்கை வருவதற்கு வெகு முன்பே ஜீப்புக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது.

வீட்டில் மனைவி குணமாலா மூன்று தரம் சூடாக்கிய தண்ணீரோடு வாசலிலேயே நின்றாள். அப்பாண்டை உள்ளங்கையில் ஊற்றி அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனார். உதடு திறக்கவில்லை. விரலிடுக்கில் ஒழுகிப் பாய் நனைந்தது.

“பொழுது பூட்ச்சிப்பா,” என்றாள் கிழவி. “நாளைக்குச் சுருக்க வா.”

விடிவதற்குள் போய்விட்டாள்.

நாலாம் நாள் வேலைக்குத் திரும்பியவரிடம் அதிகாரி உண்மையாகவே வருத்தப்பட்டார். “சாகக் கிடக்கறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே!”

அப்பாண்டை அன்றுதான் புத்தகத்தில் வேடந்தாங்கல் போன நாளைப் படித்தார். ‘ஏரிக்கரைகள் நல்ல நிலையில் உள்ளன’ என்றிருந்தது. கையெழுத்துப் போடவில்லை. காரணம் கேட்டு மெமோ வந்தது.

‘எங்கள் அம்மா தண்ணீர் குடிக்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

பதில் பொருத்தமாக இல்லை என்று குறிப்பெழுதி ஃபைலைக் கட்டிவிட்டார்கள்.