எழுத்தைக் கீழே வைத்து ஒட்டிய மட்டை

கோல்ஃப் மட்டைக்கு ஷாஃப்ட் பொருத்துகிற வேலையில், ஆளுக்கு ஏற்றதைக் கண்டுபிடிப்பது சுலபம்; அதை அந்த ஆளிடம் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டும்.

ராஜபாளையத்தில் கோல்ஃபா என்று கேட்காதீர்கள். என் அம்மாவும் அதையேதான் கேட்டாள். கொடைக்கானலுக்குப் போய் ஆடுகிற மில்காரர்களும், ராணுவத்தில் ஆடிப் பழகி ஊர் திரும்பியவர்களும் இங்கே உண்டு. அவர்களை நம்பி எங்கள் ஸ்போர்ட்ஸ் கடை அண்ணாச்சி மாடியில் பந்தடித்துப் பார்க்க ஒரு வலையைக் கட்டி, வீசுகிற வேகத்தை அளக்கிற மிஷின் ஒன்றை வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிற என்னை அதற்குப் பொறுப்பாக்கினார். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிறவர்களுக்கு மீதிக் கதை புரியும்.

மிஷின் முன்னால் வீரம்

மட்டையின் தலையையும் கைப்பிடியையும் இணைக்கிற தண்டுதான் ஷாஃப்ட். வேகமாக வீசுகிறவருக்கு விறைப்பானது சரி. அதற்குப் பெயர் ‘ஸ்டிஃப்’. நிதானமாக வீசுகிறவருக்குக் கொஞ்சம் வளைந்துகொடுக்க வேண்டும். அதன்மேல் எந்தப் புண்ணியவானோ ‘சீனியர்’ என்று அச்சடித்துத் தொலைத்துவிட்டான். மெதுவான கையில் விறைப்பானதைக் கொடுத்தால் பந்து எழும்பாது, உதறல் முழுக்கத் தோளில் இறங்கும்.

மிஷின் ஓடும்போது யாரும் தன் இயல்பான வீச்சை வீசுவதில்லை. மகாராஜபுரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், பட்டாளத்தில் இருந்தவர், தொப்பி கீழே விழுகிற அளவுக்கு வீசினார். “சரி, முடிஞ்சது சார்” என்றேன். உடனே பேரன் படிப்பைப் பற்றிப் பேசியபடி சும்மா இரண்டு பந்து அடித்தார். அணைக்காமல் விட்ட மிஷின் அதையும் அளந்தது. அதுதான் அவருடைய உண்மையான வேகம். சீனியர்தான் பொருந்தும் என்று சொன்னேன். மட்டையை என் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

“ஏம்மா, பென்ஷன்லதான் நான் சீனியரு. கையில இல்ல.”

அண்ணாச்சியின் அறிவுரை

பெரியவர் போனதை அண்ணாச்சி கீழேயிருந்து பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற மில்காரரும் இப்படித் திரும்பிப் போனால் வலையைக் கழற்றிவிட்டுக் கேரம் போர்டு அடுக்கிவிடுவேன் என்றார். கேரம் போர்டு அடுக்க ஆள் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு மிச்சம், அம்மா வேலை பார்க்கிற, பேண்டேஜ் துணி நெய்கிற யூனிட்தான். நான் பொய்யா சொன்னேன் என்று மட்டும் கேட்டேன்.

“உண்மைய எம்புட்டு வேணா தெரிஞ்சு வச்சுக்கோ. அதக் கஸ்டமர்ட்ட சொல்லச் சொல்லி நான் சொன்னேனா?”

மில்காரர் வந்தார்

மில்காரர் தனியாக வரவில்லை, கூட ஆடுகிற இரண்டு நண்பர்களையும் அழைத்து வந்தார். நண்பர்கள் பார்க்க அவர் வீசிய வீச்சில் வலை அதிர்ந்தது. ஆனால் அதன் பிறகு சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுக்க அவர் வலது கை மேலே வரவில்லை, இடது கைதான் வந்தது. அதை நான் மட்டும் பார்த்தேன். “ஸ்டிஃப்தானே?” என்று கேட்டார். படிக்கட்டில் அண்ணாச்சியின் தலை தெரிந்தது. “ஸ்டிஃப்தான் சார்” என்றேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அவர் நண்பர்கள் பக்கம் திரும்பினார். “பாத்தீங்களா, இந்தப் பொண்ணுக்குத் தொழில் தெரியுது.”

ஒரு போன்

ஷாஃப்டை ஒட்டப் பசையைக் கலக்கும்போது கடைக்கு ஒரு போன் வந்தது, மில்காரர் வீட்டு அம்மா. ராத்திரியெல்லாம் தோள்வலி என்று அவர் புரள்கிறாராம், தைலம் தேய்த்துத் தேய்த்துத் தன் கை ஓய்ந்துவிட்டதாம். அவருக்குத் தெரியாமல் விறைப்பில்லாததைப் போடச் சொன்னார்.

தண்டில் இருக்கிற எழுத்தை மேல் பக்கமும் வைத்து ஒட்டலாம், கீழ்ப் பக்கமும் வைத்து ஒட்டலாம். கீழே வைத்தால் ஆடுகிறவர் கண்ணில் படாது. ‘சீனியர்’ கீழே போனது. அன்றிலிருந்து கடை வாசலில் எந்தக் கார் நின்றாலும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். அவர் ஒரு தடவை மட்டையைத் திருப்பித் துடைத்தால் போதும், என் வேலை போச்சு. அந்த அம்மாவோ போனை வைக்குமுன்பே தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

“அவியளுக்குத் தெரிஞ்சாலும் நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத தாயி.”

மட்டையைத் திருப்பினார்

புது மட்டையோடு கொடைக்கானல் போய் ஆடிவிட்டு வந்ததும் மில்காரர் நேராக மாடிக்கு வந்தார். கூட யாரும் இல்லை. மட்டையைத் தலைகீழாகத் திருப்பி, அந்த எழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்தார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் படிக்கட்டை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மத்த மட்டைக்கெல்லாம் இதையே போட்டுரும்மா, எழுத்து இப்படியே கீழ இருக்கட்டும். எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது, நான் இன்னும் ஸ்டிஃப்லதான் அடிக்கேன்னு பெருமையா நெனச்சுக்கிட்டிருக்கா.”

வலையும் என் வேலையும் தப்பித்துவிட்டன, ஆனால் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று தனித்தனியாக ஒப்படைத்த ஒரே ரகசியத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் சேர்ந்து கடைக்கு வந்துவிடுவார்களோ என்று இப்போதும் வாசலைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன்.