எம்டன் ராத்திரிப் பிள்ளை

கார்ப்பரேஷன் எங்கள் வட்டத்தில் கட்டாயப் படிப்பு கொண்டுவந்தபோது என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். நாலாவது படித்த கையோடு அம்மா என்னை நிறுத்தி, மீன்கூடை சுமக்க வைத்துவிட்டாள். எனக்கோ ஐந்தாவது படிக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அண்ணனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வேப்பங்காய். வயசு தாண்டியாயிற்று என்று அதற்கு முழுக்குப் போட்டுவிட்டு, அரும்பு மீசையை முறுக்கிக்கொண்டு நைனாவோடு கட்டுமரம் ஏறிவிட்டான்.

துரைமார்களுக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று வயசு வரம்பை உயர்த்தினார்கள். ஆள்பிடிக்க ஒருத்தர் கோட்டும் குடையுமாய் சாந்தோம் மணலில் இறங்கினார். சர்ச்சுக்குப் போகிற வீடுகளில் ஞானஸ்நானக் கணக்கு இருந்தது. எங்களைப் போன்ற அம்மன் கோயில் ஆட்களின் வயசு அம்மாக்களின் வாயில்தான் இருந்தது. அதனால் அவர் ஒரே கேள்விதான் கேட்டார். யுத்தத்தின்போது ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் வந்து பட்டணத்தில் குண்டு போட்ட ராத்திரிக்கு முன்னால் பிறந்தவனா? ஆமாம் என்றால் விடுதலை. இல்லையென்றால் பள்ளிக்கூடம்.

அங்கேதான் அம்மா மாட்டிக்கொண்டாள். அந்தக் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் அண்ணனைப் பெற்றதாக அவள் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. பக்கத்துக் குடிசைக்காரி ஒன்றும் தெரியாதவள்போல் அதை அப்படியே ஒப்பித்துவிட்டாள். பையன் நாளைக்கே பள்ளிக்கு வரவேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் கோர்ட்டுக்கு வரவேண்டும் என்றார் கோட்டுக்காரர். அண்ணன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே! நைனாவுக்கோ வலை இழுக்க வேறு ஆளில்லை. அவர் அம்மாவைப் பார்த்த பார்வையில் மீன் வெந்திருக்கும்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையைக் கக்கினாள்.

"அவன் அதுக்கு முன்னாடியே பொறந்துட்டான் சாமி. அப்போ தத்தித் தத்தி நடந்துகினு இருந்தான். அன்னிக்கு ராத்திரி பொறந்தது இதோ நிக்குதே, இந்தப் பொண்ணு."

அடிப்பாவி! இத்தனை வருஷமாய் என் ராத்திரியை அவனுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். ஆனால் உடனே சந்தோஷமும் பொங்கியது. எம்டன் ராத்திரி என்னுடையது என்றால் சட்டமும் என்னுடையதுதானே? கூடையைக் கீழே வைத்துவிட்டு, நாளைக்கே வருகிறேன் என்று அவர் முன்னால் போய் நின்றேன்.

அவர் சிரித்தார். சட்டம் பையன்களுக்கு மட்டும்தானாம். கட்டாயம் இல்லாமலே வரலாமா என்று கேட்டேன். அதற்கு உன் அம்மா சம்மதிக்க வேண்டும் என்று குடையால் அவளைக் காட்டினார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "எம்டன்காரன் இன்னா, ஆம்பளை பொம்பளைன்னு பாத்தா குண்டு போட்டான்?" என்று கேட்டாள். அவர் குடையை விரித்துக்கொண்டு நடையைக் கட்டினார். எனக்காகத்தான் கேட்கிறாள் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

அவர் மறைந்ததும், கூடையைத் தூக்கி என் தலையில் வைத்தாள். அன்று ராயப்பேட்டைத் தெருக்களில், எம்டன் ராத்திரியில் பிறந்தவள் இவள்தான் என்று என்னைக் காட்டிக் காட்டியே வியாபாரம் பண்ணினாள். சங்கரா மீன் சீக்கிரமே தீர்ந்துபோனது. மறுநாள் இன்னும் பெரிய கூடையாய் எடுத்து வைத்தாள்.