பேய்க்கு ஒரு மாடியறை

போன திங்கட்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள். இறங்கியவர்கள் எனக்கு வணக்கம் சொல்லவில்லை. என் வீட்டுக்குச் சொன்னார்கள். கையைப் புருவத்தின் மேல் வைத்துக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் விரல்களைச் சதுரமாகக் கோத்து, அதன் வழியே ஒற்றைக் கண்ணால் நோக்கினார். அவர்தான் டைரக்டர் என்று அறிய அதற்கு மேல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

“பிரமாதம் சார்,” என்றார். “பார்த்தாலே வயித்தக் கலக்குது.”

முப்பத்தெட்டு வருடங்களாக அந்த வீட்டில் குடியிருப்பவனிடம் சொல்லத்தக்க வார்த்தை. நன்றி என்றேன்.

சென்னையிலிருந்து வந்திருக்கிறார்கள். பேய்ப் படம். கலர். தூத்துக்குடியில் முத்துக்குளிக்கிற ஒருவன் கடலடியில் இருக்கும்போது, மேலே படகில் கயிறு பிடித்திருக்கும் அவன் தம்பி, சொத்துக்கு ஆசைப்பட்டுக் கயிற்றை அறுத்துவிடுகிறான். குளித்தவன் திரும்பவில்லை. அவன் மனைவி துக்கம் தாளாமல் கடலில் இறங்கி, பேயாகக் கரையேறிப் பழிவாங்குகிறாள். நடுவில் ஆறு பாட்டு.

ஒரு பேய்ப் படம் மனத்தில் தைக்க வேண்டுமானால் என்ன வேண்டும் என்று என்னிடம் ஆலோசனையும் கேட்டார்கள். கல்லூரியில் முப்பத்தொரு வருடம் தர்க்கவியல் நடத்தியவன். வாரந்தோறும் பத்திரிகையில் எதையாவது எழுதுகிறவன். ஆகவே பேய்களைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் ஊகம். டைட்டிலில் நன்றி போடுவார்களாம்.

ஆலோசனை ஒரு சாக்கு. அவர்களுக்கு வேண்டியிருந்தது என் வீட்டு மாடியில், கடலைப் பார்த்த அறை. அதன் ஜன்னலில்தான் பேய் நிற்கப் போகிறது.

அந்த அறை பூட்டிக் கிடக்கிறது.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பத்து மாதங்களுக்கு முன் இந்தப் பத்தி மூன்று வாரம் வெளிவரவில்லை. ‘கட்டுரையாளர் வெளியூர் சென்றிருக்கிறார்’ என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். அவருடைய நாகரிகம் அது. நான் எங்கும் செல்லவில்லை. சென்றவர் வேறொருவர். என் மனைவி பிலோமி கடைசி இரண்டு வருடங்கள் படுத்திருந்தது அந்த அறையில்தான். கல்லறைக்குப் போய்த் திரும்பிய அன்று பூட்டினேன். சாவி என் மேசைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. தொலைந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். சாவிகள் நமக்கு வேண்டும்போதுதான் தொலையும்.

அறை கிடைக்காது என்றேன். வியாழக்கிழமை வரை யோசியுங்கள் என்றார் டைரக்டர். அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஊர் பார்ப்பார்களாம். பேய்க்கு ஊரா பஞ்சம்?

அன்று மாலை நாலு மணிக்குத் தொம்மை மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த வருடம் வரை கடலுக்குப் போனவர். இப்போது தினமும் நாலு மணிக்கு என் வீட்டுக்கு வருகிறார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஆறு மணிவரை ஏதும் பேசாமல் இருந்துவிட்டுப் போகிறார். பத்து மாதமாக ஒருநாள் தவறியதில்லை. இதை விசாரிப்பு என்பதா, காவல் என்பதா என்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

செய்தியைச் சொன்னேன். மாடிப்படியைப் பார்த்தார்.

“குடுத்துரும் மச்சான். பேயாவது இருந்துட்டுப் போகட்டும்.”

புதன்கிழமை காலை கடற்கரையில் ஒத்திகைப் படப்பிடிப்பு. ஆலோசகர் என்ற முறையில் எனக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். என் பின்னால் மச்சானும் ஊரில் பாதியும் நின்றார்கள்.

பேய் வந்தது. வெள்ளைப் புடவை, காலில் சலங்கை, விரித்த கூந்தல். கடலில் மூழ்கிச் செத்தவளுக்குப் புடவை மடிப்புக் கலையாததையும் கூந்தல் உலர்ந்து பறப்பதையும் நான் பணிவோடு சுட்டிக் காட்டினேன். “ஆடியன்ஸ் அதெல்லாம் பார்க்க மாட்டாங்க சார்,” என்றார் டைரக்டர். மனிதர்கள் இரண்டரை மணி நேரம் எதைத்தான் பார்க்கிறார்கள்?

அடுத்து, புகை. பேய் நடந்து வரும்போது காலடியில் புகை சூழ வேண்டுமாம். அண்டா அண்டாவாகச் சாம்பிராணி போட்டார்கள். தூத்துக்குடிக் காற்றுக்குச் சினிமா அனுபவம் போதாது. புகை மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்க் கேமராக்காரர் முகத்தில் அப்பியது. அவர் இருமின இருமல்தான் அன்றைக்கு முதல் அமானுஷ்ய ஓசை. இடைவேளையில் டைரக்டர் தொலைவில் தெரிந்த உப்புக் குவியல்களைப் பார்த்துவிட்டு, கனவுப் பாட்டுக்குக் காஷ்மீர் போகிற செலவு மிச்சம் என்றார். உப்பின் மேல் கதாநாயகி வெறுங்காலோடு ஆட வேண்டியிருக்கும் என்பதை நான் சொல்லவில்லை. எல்லா ஆலோசனையையும் ஒரே நாளில் கொடுத்துவிடக் கூடாது.

பிறகு கயிற்றுக் காட்சி. இங்கேதான் வினை.

வள்ளத்தைக் கரையருகே நிறுத்தியிருந்தார்கள். கதாநாயகன் இடுப்பில் கயிறு. அதன் மறுமுனையைத் தம்பி வேடக்காரரிடம் கொடுத்து, “உன்னை நம்பித்தாண்டா இறங்கறேன்,” என்று தழுதழுத்தார். உருக்கமான கட்டம்.

கரையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் தொம்மை மச்சான்.

“ஏலே, தம்பி கையிலயா கயித்தக் குடுக்கான்? சாகத்தானலே போறான்... இவன் செத்ததுக்கு அவ ஏன் பேயா வாரா?”

டைரக்டருக்குப் புரியவில்லை. வெளியூர் வாசகர்களுக்கும் புரியாது, ஆகவே சொல்கிறேன். இந்தக் கரையில் முத்துக்குளிக்கிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான். மனைவியின் உடன்பிறந்தான். அப்பனிடம் கொடுப்பதில்லை, அண்ணன் தம்பியிடம் கொடுப்பதில்லை, சிநேகிதனிடம் நிச்சயமாக இல்லை. ஏன்? நீ செத்தால் தம்பிக்குப் பங்கு கூடும். சிநேகிதனுக்கு உன் வள்ளம் கிடைக்கலாம். மச்சானுக்கு என்ன கிடைக்கும்? தாலி அறுத்த தங்கச்சி ஒருத்தி திரும்பக் கிடைப்பாள். ஆகவே உன் மூச்சைப் பற்றி உன்னைவிட அவனுக்கே அக்கறை அதிகம். பாசத்தை நம்பாத ஏற்பாடு. அதனால்தான் இத்தனை காலம் நீடித்தது. முப்பத்தொரு வருடம் நான் புரட்டிய எந்தத் தர்க்கப் புத்தகத்திலும் இவ்வளவு சுத்தமான வாதத்தைக் கண்டதில்லை.

என் கல்யாணத்தன்று தொம்மை மச்சான் சபையறியக் குறைப்பட்டுக்கொண்டது இதைத்தான். “மாப்பிள்ள புஸ்தகத்துக்குள்ளல்லா முங்குதாரு. நான் எந்தக் கயித்தப் பிடிக்க?”

டைரக்டர் கெட்டிக்காரர். அவமானத்தை ஒதுக்கிவிட்டுக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். சற்றுக் கழித்து அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது.

“சரி... அந்த மச்சானே கயித்த விட்டுட்டா?”

கடற்கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவர் நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். தொம்மை மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்துபோனார்.

கவனியுங்கள். காலை பதினொரு மணி. சுள்ளென்று வெயில். புகை இல்லை, சலங்கை இல்லை, நாய் ஊளையிடவில்லை. பேயாக நடித்த அம்மாள் நிழலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். ஆனாலும் அங்கிருந்த அத்தனை பேர் முதுகிலும் ஒரு குளிர் ஓடி இறங்கிற்று. அந்தப் படத்தில் நான் கண்ட ஒரே பேய்க் காட்சி அதுதான், கேமரா ஓடவில்லை.

தீயவன் தீங்கு செய்தால் கோபம் வரும், பயம் வராது. எதன்மேல் முழுப் பாரத்தையும் போட்டு நிற்கிறோமோ அது அசைந்தால்தான் பயம். இதைத் தாளில் எழுதி டைரக்டரிடம் கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சலங்கையை இன்னும் சற்றுச் சத்தமாக ஆட்டும்படி உதவியாளருக்குக் கட்டளையிட்டார்.

நாலு மணிக்கு மச்சான் வந்தார். வரமாட்டாரோ என்று நினைத்திருந்தேன். அபூர்வமாகப் பேசவும் செய்தார்.

கயிறு பிடிக்கிறவன் தண்ணீரைப் பார்க்க மாட்டானாம். பார்த்து என்ன பயன், ஒன்றும் தெரியாது. கண், காது எல்லாம் உள்ளங்கையில் இருக்கும். கீழே இருக்கிறவன் மூச்சு முட்டினால் கயிற்றைச் சுண்டி இழுப்பான். உடனே தூக்க வேண்டும்.

“இழுப்பு வரும்போது பயம் கெடையாது மச்சான். கைக்கு வேல வந்துரும். அது வாராம இருக்கும் பாரும்... அதான்.”

சற்று நேரம் ஆணியில் தொங்கும் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பத்து மாதமாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேளாமல் இருந்ததைக் கேட்டார்.

“உள்ள பிலோமி நிப்பாளோன்னு பயமா?”

இல்லை என்றேன். அவர் காத்திருந்தார். காத்திருப்பது அவருக்குத் தொழில்.

“நிக்க மாட்டா மச்சான்,” என்றேன். “அதான்.”

வாழ்நாள் முழுவதும் வாதங்களை நீட்டி முழக்கியவன் சொன்ன மிகச் சிறிய வாதம் அது. கதவு பூட்டியிருக்கும் வரை இரண்டு கூற்றுகள் உயிரோடிருக்கின்றன: அவள் உள்ளே இருக்கிறாள்; இல்லை. திறந்தால் ஒன்றுதான் மிஞ்சும். எது மிஞ்சும் என்பதை அறிய எனக்குத் தர்க்கவியல் தேவையில்லை. பேய் வந்துவிடுமோ என்று நடுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர்களுக்கு வரும் என்ற நம்பிக்கையாவது இருக்கிறதே!

மச்சான் எழுந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“நீரு ஏறும். நான் கீழ இங்கன நிக்கேன்.”

மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டு கைப்பிடி மரத்தைப் பற்றினார். நான் ஏறினேன். பதினெட்டுப் படிகள். கடல் காற்றில் பூட்டு துருப்பிடித்திருந்தது, கதவு உப்பிப்போயிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. கீல் கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்துக்காக டைரக்டர் ஆயிரம் ரூபாய் கொடுத்திருப்பார்.

ஜன்னல் கொக்கி கழன்று திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. அலமாரிக்கு மேலே ஒரு குருவி கூடு கட்டியிருந்தது; என்னை அத்துமீறி நுழைந்தவனாகப் பார்த்தது. சுவர்க் காலண்டர் பத்து மாதம் பின்தங்கியிருந்தது. கட்டிலருகே ஸ்டூலில் மூக்குக் கண்ணாடி, கால்களை விரித்தபடி, இப்போதுதான் கழற்றி வைத்ததுபோல. அதன்மேல் படிந்திருந்த தூசி அப்படி இல்லை என்றது.

பேய்ப் படங்களின் இலக்கணப்படி, இந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் தோளில் விழ வேண்டும்.

நின்றேன். போதுமான அவகாசம் கொடுத்தேன் என்றே நினைக்கிறேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழேயிருந்துதான் குரல் வந்தது.

“மச்சான்... இருக்கீரா?”

நான் மூக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். படியில் முதல் காலடி கேட்டது, இரண்டாவதும் கேட்டது. எழுபது வயது முழங்கால்களை வைத்துக்கொண்டு அவர் ஏறத் தொடங்கிவிட்டார்.

“இருக்கேன்,” என்றேன்.

காலடி நின்றது. “அப்ப எறங்கும். குசினியில காப்பி போடுதேன்.”

கண்ணாடியைத் துடைத்து, கால்களை மடக்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கதவைப் பூட்டவில்லை. தொம்மை மச்சான் போட்ட காப்பி, நான் இதுவரை கண்ட எந்தப் பேய்ப் படத்தைவிடவும் பயங்கரமானது. இரண்டு டம்ளர் குடித்தேன்.

வியாழக்கிழமை டைரக்டரிடம் அறையைத் தருகிறேன் என்றேன். இரண்டு நிபந்தனைகள். ஒன்று, குருவிக் கூட்டைத் தொடக் கூடாது. இரண்டு, படத்தில் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும். அவன் அதை விடக் கூடாது. “அப்போ ஹீரோ எப்படி சார் சாவான்?” என்று தவித்தார். கடலில் சாவதற்கு வழியா இல்லை, சுறா இருக்கிறதே என்றேன். சுறாவைப் பழிவாங்குவது பேய்க்கு அசௌகரியமாக இருக்குமே என்று இப்போது கதை இலாகா கூடி யோசிக்கிறது. கயிற்றைக் கிட்டத்தில் காட்டும்போது திரையில் நீங்கள் பார்க்கப் போவது தொம்மை மச்சானின் கைகள். அந்த ஒரு காட்சியில் மட்டும் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

படம் வந்தால் போய்ப் பாருங்கள். பேய் நாலாவது ரீலில் என் மாடி ஜன்னலுக்கு வருகிறது. யாரும் அழைக்காமலே வருகிறது. கடைசி ரீல் வரை போக மறுக்கிறது.

எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.