வாசிக்காமல் வைத்த கையெழுத்து

டொக்டர் அருளம்பலம் காலமான செய்தி வந்தபோது நான் சலூன் கதிரையில் இருந்தேன். முகத்தின் ஒரு பக்கம்தான் வழித்து முடிந்திருந்தது. ஏறாவூரிலிருந்து றசீனா பேசினார். எங்கள் நோயியல் ஆய்வுகூடத்தில் அறிக்கைகளைத் தட்டச்சு செய்தவர் அவர்.

“சேர், நம்மட டொக்டர் மோசம் போயிட்டாராம். விடியக்காலம்தானாம். நீங்க போறீங்கதானே?”

“பாப்பம்” என்றேன்.

மற்றப் பக்கத்தையும் வழித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். துக்கம் எதுவும் வரவில்லை. அவரோடு வேலை செய்த காலம் முழுவதும் அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “டெக்னீசியன்” என்பார். நான் விஞ்ஞானப் பட்டத்தை முதல் வகுப்பில் முடித்தவன் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அப்படி அழைத்தார்.

செத்த வீட்டில் எனக்கு அதிகம் எரிச்சல் ஊட்டியவை பதாகைகள். அவர் உயிரோடு இருந்தபோது வீதியில் கண்டால் மறுபக்கம் மாறிப் போனவர்களெல்லாம் ‘ஏழைகளின் தோழன்’ என்று அச்சடித்து, தங்கள் படத்தையும் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் எந்த ஏழைக்கும் தோழனாக இருந்ததில்லை. மதியச் சோற்றைக்கூடத் திரையை இழுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

பிறகு முப்பத்தோராம் நாள் நினைவு மலர்க் குழுவினர் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள்.

“ஆய்வுகூடத்துக்குக் கம்ப்யூட்டர் கொண்டு வந்ததே டொக்டர்தானே. அதப் பத்தி நீங்க எழுதினாத்தான் வடிவாயிரிக்கும்” என்றார் ஒருவர்.

மற்றவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த ரிப்போட் பிழைச்ச கதைய மட்டும் தொடவேணாம். செத்த மனிசன்.”

அந்தக் கதையைத் தொடத்தான் எழுதச் சம்மதித்தேன். இன்றும் இந்த ஊரில் அவர் பெயரைச் சொன்னால், ‘இல்லாத புற்றுநோயை ஒரு பொம்பிளைக்கு எழுதிக் குடுத்தவர்’ என்று யாராவது சேர்த்துச் சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பழி அவருடையதல்ல. யாருடையது என்று இங்கே சொல்லப்போகிறேன். குழுவினருக்குப் பிடிக்காவிட்டால் என் பக்கங்களைக் கிழித்துவிடட்டும்.

சுனாமி எங்கள் பதிவேடுகளைக் கொண்டுபோன பிறகு, வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று வாவிக்கரையில் எங்களுக்குப் புதிய ஆய்வுகூடம் கட்டித் தந்தது. நான்கு கணினிகளும், அறிக்கை தயாரிக்கும் மென்பொருள் ஒன்றும் அதோடு வந்தன. டொக்டர் அதைக் கொண்டு வரவில்லை. பெட்டியைப் பிரித்த அன்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: “இது எந்த ஊர் விண்ணாணம்? கட்டியைப் பாக்கிறது நானா இதுவா?”

அதற்கு முன்பு ஒரு பயொப்சி அறிக்கை வெளியே போக மூன்று கிழமை எடுக்கும். அவர் நுணுக்குக்காட்டியில் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். றசீனா தட்டுவார். டொக்டர் சிவப்பு மையால் வெட்டுவார். றசீனா மறுபடி தட்டுவார். நோயாளி இதற்கிடையில் நாலு தடவை பஸ் ஏறி வந்து திரும்பிப் போவார்.

மென்பொருளில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு படிவம் அமைக்கலாம் என்று கண்டுபிடித்தவன் நான். மார்பகத்துக்கு ஒன்று, கருப்பைக்கு ஒன்று, தைரொயிட்டுக்கு ஒன்று என்று ஆறு மாதம் இருந்து எழுதினேன். துண்டின் அளவு, நிறம், உயிர்க்கலங்களின் தோற்றம், முடிவு எல்லாவற்றுக்கும் வசனங்கள் தயாராக இருக்கும். டொக்டர் எந்த வசனம் என்று தெரிவை மட்டும் சொன்னால் போதும். மேலே இடது என்றும் கீழே வலது என்றும் எழுதினால் கணினி நின்று கேட்கும். அளவை விட்டுவிட்டால் அறிக்கையை முடிக்க விடாது. மூன்று கிழமை இரண்டு நாளாயிற்று.

அந்த வருடம் கொழும்பில் நிபுணர்களின் மாநாடு ஒன்று நடந்தது. என் படிவங்களைத் திரையில் போட்டு, “நான் உருவாக்கிய முறை” என்று அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கைதட்டினார்கள். திரும்பி வரும் ரயிலில், “எல்லாருக்கும் பிடிச்சிட்டுது, என்ன?” என்று என்னிடமே கேட்டார். அவருக்கு அது திருட்டு என்று தோன்றவே இல்லை. அந்த ஆய்வுகூடத்திலிருந்து வெளியே போகும் எதுவும் அவருடையது. அவருடைய அகந்தை அவ்வளவு முழுமையானது.

இவ்வளவு வேகம் வந்த பிறகும் அவர் ஒரு பழக்கத்தை விடவில்லை. அச்சடித்த ஒவ்வோர் அறிக்கையையும் எழுந்து நின்று, நோயாளியின் பெயரிலிருந்து கடைசிப் புள்ளிவரை சத்தமாக வாசிப்பார். பிறகுதான் கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வசனம் என்னுடையது, தெரிவு அவருடையது, சரிபார்ப்பது கணினி. இதில் கோயில் புராணம் மாதிரிப் படிக்க என்ன இருக்கிறது?

“ஐயா, நீங்க சொன்னதுதானே வந்திரிக்கி. ஏன் திரும்ப வாசிக்கிறீங்க?”

“கம்ப்யூட்டருக்கு அவசரம் டெக்னீசியன். எனக்கில்ல.”

இரண்டு வருடம் நச்சரித்தேன்.

இந்த மென்பொருளை எழுதியவர்கள் யுத்தத்தைக் கண்டவர்களல்ல. அடையாள அட்டை இலக்கம் இல்லாமல் அது எந்த அறிக்கையையும் முடிக்காது. பெட்டி சிவப்பாகவே நிற்கும். எங்களிடம் வந்தவர்களில் பலருக்கு அட்டை இல்லை. சிலருடையதை அலை கொண்டுபோனது. சிலருடையது யுத்தத்தில் கிரானுக்கும் செங்கலடிக்கும் ஓடி வந்த வழியில் போனது. ஒருநாள் றசீனா சலித்துப்போய்க் கேட்டார்: “சேர், கார்ட் இல்லாத ஆக்களுக்கு என்ன அடிக்கிற?”

“ஒன்பதா அடிச்சு விடுங்க” என்றேன்.

“எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான். பெட்டி நிரம்பினாப் போதும்.”

பெட்டி நிரம்பியது. அட்டை இல்லாத அத்தனை பேரும் அன்றிலிருந்து கணினிக்கு ஒரே ஆளானார்கள். அந்த மென்பொருளுக்கு இன்னொரு திறமையும் இருந்தது. ஒரே இலக்கத்தில் புதிய அறிக்கை வந்தால், பழைய முடிவை எடுத்து மேலே ‘முன்னைய நோய்’ என்று தானாகவே அச்சடிக்கும். அது எனக்குத் தெரியும். ஒன்பதுகளைப் பற்றிச் சொன்ன அன்று அதை நான் யோசிக்கவில்லை.

ஒன்பதுகள் தொடங்கிய அதே கிழமைதான் யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. வீதியெல்லாம் சோதனை, வேலைக்குப் பாதிப்பேர் வரவில்லை. அறிக்கைகள் குவிந்து கிடந்தன. அறிக்கைக் கட்டை டொக்டர் முன் வைத்து, “இண்டைக்கு மட்டும் வாசிக்காமக் கையெழுத்து வையுங்க ஐயா, நான் பாத்திட்டன்” என்றேன். நான் பார்த்திருக்கவில்லை. அவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வரிசையாகக் கையெழுத்திட்டார். என் சொல்லை அவர் நம்பியது அந்த ஒரு நாள்தான்.

இரண்டு கிழமை கழித்து, வேலை மறுபடி தொடங்கியபோது, றசீனா என் மேசைக்கு வந்தார். அவர் கையில் வேறோர் அறிக்கை இருந்தது.

“சேர், இந்தப் பொம்புளைக்கு முன்னம் புரஸ்டேட் பயொப்சி செஞ்சிரிக்காம்.”

புரஸ்டேட் ஆண்களுக்கு மட்டும் உள்ள உறுப்பு; சிரித்தபடிதான் சொன்னார். அப்போது டொக்டர் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். சோற்றுக் கை. “அண்டைக்கு வாசிக்காமக் கையெழுத்து வைச்ச கட்டு எங்க?” என்றார்.

பிரதிகளை எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். உன்னிச்சை ஊர்ப் பெண் ஒருத்தியின் மார்புக் கட்டி. கட்டி சாதாரணமானது, புற்றுநோய்க் கலம் இல்லை என்று கீழே அவருடைய முடிவு சரியாகவே இருந்தது. மேலே, ‘முன்னைய நோய்: உறுதிசெய்யப்பட்ட மார்பகப் புற்றுநோய்’ என்றிருந்தது. அது அதே ஒன்பதுகளில் பதிவான வேறொருத்தியின் நோய். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கேட்டோம். நோய் ஏற்கெனவே உறுதியானது, இந்தத் துண்டில்தான் அகப்படவில்லை என்று சத்திரசிகிச்சை நிபுணர் விளங்கிக்கொண்டு, மறுநாள் காலை மார்பை அகற்ற நாள் குறித்திருந்தார்.

என் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி, கையைக்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார் டொக்டர். வாட்டில் அவள் இரட்டைப் பின்னலோடு கட்டிலில் இருந்தாள்.

“புள்ள, உனக்கு அந்தப் புற்றுநோய் வருத்தம் இல்ல. வீட்ட போ” என்றார்.

அவள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு எழுந்து நின்று ஏசினாள். “இல்லையா? நான் சாகப்போறன் எண்டு என்ர மகளக் கொண்டுபோய் சிறுவர் இல்லத்தில விட்டிட்டு வந்திரிக்கன். கால்ல விழுந்து அழுதாள் ஐயா. இப்ப இல்லையாம்! நீங்களெல்லாம் படிச்ச ஆக்களா?”

அவர் தலையைக் குனிந்து நின்று முழுவதையும் கேட்டார். நான் கதவருகே நின்றேன். அவள் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான் யாரென்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆய்வுகூட நிர்வாக சபை விசாரணை வைத்தது. தலைவர் நீண்ட மேசைக்கு அப்பால் இருந்துகொண்டு கேட்டார்: “அந்த ஒன்பது இலக்கத்த அடிச்சது ஆர்?”

அடித்தது றசீனா. அடிக்கச் சொன்னவன் நான். உண்மையை எழுதுகிறேன்: றசீனாவுடைய பெயரைச் சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர்.

நான் சொல்வதற்குள் டொக்டர் பேசிவிட்டார். “ஆர் அடிச்சா என்ன? கையெழுத்து என்ர. வாசிக்காம வைச்சது நான்.”

“ஊழியர்ட பிழையா இருந்தா…” என்று தலைவர் இழுத்தார்.

“ஒரு டெக்னீசியன்ட பிழைக்குப் பின்னால நான் ஒளிக்கவா? என்ன கதை கதைக்கிறீங்க?”

அதைப் பெருந்தன்மை என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. ஒரு தவறைச் செய்யும் தகுதிகூட எனக்கு உண்டென்று அவர் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. படிவங்களை எப்படி எடுத்துக்கொண்டாரோ அப்படியே பிழையையும் எடுத்துக்கொண்டார். தலைமைப் பதவி போயிற்று. அவரை நீக்கக் கையுயர்த்தியவர்களில் ஒருவர்தான் இப்போது சந்தியில் மிகப் பெரிய பதாகையைக் கட்டியிருக்கிறார்.

விசாரணை முடிந்து படி இறங்கும்போது, முன்னால் போனவர் திரும்பாமலே கேட்டார்: “அந்த றசீனாப் பிள்ளைட பேரச் சொல்லத்தானே வாயத் திறந்தனீர்?”

அதன்பின் அதைப் பற்றி அவர் பேசவில்லை. மூன்று மாதம் இருவரும் சேர்ந்து, ஒரே ஆளாகக் கிடந்தவர்களைத் தாயின் பெயரையும் ஊரையும் வைத்துத் தனித்தனி ஆட்களாகப் பிரித்தோம். நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் தட்டுகளை எல்லாம் அவர் மறுபடி பார்த்தார். உன்னிச்சைப் பெண் தன் மகளை இல்லத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனாள் என்ற தகவலைக் கேட்டறிந்துவிட்டு, மறுநாள் விலகல் கடிதம் கொடுத்தார். போகும்போதும் என்னை “டெக்னீசியன்” என்றுதான் அழைத்தார்.

குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். படிவங்கள் என்னுடையவை என்று இத்தனை காலம் மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அவற்றை இப்போது கேட்கிறேன், கூடவே அந்தப் பிழையையும் கேட்கிறேன். இரண்டையும் அவருடைய பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் போடுங்கள். ஒன்றை மட்டும் கேட்க எனக்கு உரிமையில்லை.

றசீனா, நீங்கள் இந்த மலரை வாசிப்பீர்கள். செய்தி சொல்ல முதலில் என்னை நினைத்தவர் நீங்கள். அன்று அந்த மேசை முன்னால் நான் சொல்லவிருந்த பெயர் உங்களுடையது. அதை என் வாயிலிருந்து வெளியே வரவிடாமல் பேசியவர் அந்தத் தலைக்கனம் பிடித்த மனிதர். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவ்வளவுதான்: நான் சொல்லாமல் போன ஒரு பெயர்.