கொசு வாரியத்து ஆர்லோ

ஆர்லோ டெட்மருக்குப் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது பிழைப்பு. அரசாங்கத்தோடு சண்டை போடுவது உயிர். பெக்வித் ஊரில் தானியக் கிடங்குக்கு எதிரே அவருடைய பட்டறை இருந்தது. மற்ற பட்டறைகளில் அழகிகள் படம் போட்ட நாட்காட்டி தொங்கும் இடத்தில், இவர் தன் வீட்டுச் சொத்து வரி ரசீதுகளை வருடவாரியாக ஆணியடித்து மாட்டியிருந்தார். கார்புரேட்டர் சரியாகிவிட்டதா என்று கேட்டு யாராவது வந்தால், முதலில் அந்த ரசீதுகளைக் காட்டி ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் கார்புரேட்டருக்கு வருவார்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாநிலம் நொடித்துப் போயிருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் தரவேண்டிய பணத்தைத் தராமல், உள்ளூரிலேயே வசூலித்துக்கொள்ளுங்கள் என்று தலைநகரில் கையை விரித்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு வசூலிக்கத் தெரிந்த ஒரே இடம் வீடு. டயர் தொழிற்சாலை மூடியதிலிருந்து வீட்டின் விலை இறங்கிக்கொண்டே போக, வரி மட்டும் ஏறிக்கொண்டே போனது. பள்ளிக்கு ஒரு வரி, நூலகத்துக்கு ஒரு வரி, தீயணைப்புக்கு, வடிகாலுக்கு, கல்லறைத் தோட்டத்துக்கு, ஆற்றோர ஊர் என்பதால் கொசு ஒழிப்பு வாரியத்துக்கும் ஒன்று.

"செத்தா புதைக்க வரி. சாகாம உக்காந்து கொசுக்கடி வாங்கினா அதுக்கும் வரி. அப்புறம் மனுஷன் எங்கய்யா போறது?" என்று ஆர்லோ மாவட்டக் குழுக் கூட்டங்களில் எழுந்து நின்று கேட்பார். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். இவர் அதில் முதல் நிமிடத்தைத் தொண்டையைச் செருமுவதற்கே செலவழிப்பார் என்றாலும், மீதி இரண்டில் தலைவர் முகம் சிவந்துவிடும்.

அப்படிப் பேசிப் பேசியே ஒரு நாள் ஜெயித்தும் விட்டார். எந்த வாரியமும் தன் வரியைப் போன வருடத்தைவிட நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கூட்டக்கூடாது, கூட்டவேண்டுமானால் மக்களிடம் ஓட்டுக் கேட்டுச் சம்மதம் வாங்கவேண்டும் என்ற உச்சவரம்பு அந்த மாவட்டத்தில் வந்தது அவரால்தான். வீடு வீடாக ஏறி இறங்கி, நாய்க்கடிகூட ஒன்று வாங்கிக்கொண்டு, ஓட்டுச் சேர்த்தார். ஜெயித்த மறுநாள் உணவகத்தில் அவருக்குச் செர்ரிப் பழப் பணியாரம் இலவசம். ஆர்லோ அதைத் தின்றுவிட்டு அடுத்த கூட்டத்துக்கும் போய்ச் செருமினார்.

மாவட்டக் குழுத் தலைவர் பொறுமை இழந்து ஒரு காரியம் செய்தார். கொசு வாரியத்தில் ஓர் உறுப்பினர் இடம் வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது. அதில் ஆர்லோவை நியமித்துவிட்டார்.

"உன் வாயை அடைக்கத்தான் குடுத்திருக்கான்" என்றாள் நோரீன். அவருடைய மனைவி. பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்ப்பவள். வலியில் கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, எந்தச் சத்தத்துக்கும் அசையாத பக்குவம் வந்தவள்.

"அடைக்கட்டும். உள்ள போயி அந்த வாரியத்தையே இழுத்து மூடிட்டு வரேன் பாரு."

"மூடு. முதல்ல அந்த அலமாரிக் கதவை மூடு."

வாரியம் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் கூடியது. வாரியம் என்றால் ஒரே ஒருத்தி. மேக்சீன் ஷூல்ட்ஸ் என்ற எழுபத்தைந்து வயது அம்மாள், மடியில் கம்பளி நூலோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது உறுப்பினர் அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டதாகவும், கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வருவதாகவும் சொன்னாள்.

"வா தம்பி. இனிமே ரெண்டு பேராச்சு. கூட்டம்னு சொல்லிக்கலாம்."

ஆர்லோ உட்காராமலேயே தன் தீர்மானத்தை வாசித்தார். இந்த வருடம் கொசு வரி பூஜ்யம். மருந்து அடிக்கும் வண்டியை ஏலத்தில் விற்றுவிடுவது. ஓட்டுநர் வெண்டலை வேலையிலிருந்து நிறுத்துவது. எதிர்ப்பு வரும் என்று ஒரு நீண்ட பேச்சையும் தயார் செய்து வைத்திருந்தார்.

மேக்சீன் பின்னலூசியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "ஆதரிக்கிறேன். எல்லாம் ஒருமனதா நிறைவேறிச்சு. காப்பி சாப்பிடுறியா?"

சொல்லாமல் போன பேச்சு நெஞ்சிலேயே நின்றுகொண்டு ஆர்லோவுக்கு ஒரு வாரம் ஏப்பமாக வந்தது.

வண்டியை யாரும் ஏலம் கேட்கவில்லை. பழைய இரும்புக்காரன் ஒருவன் வந்து சுற்றிப் பார்த்து, எடுத்துப் போவதற்குத் தனக்குத்தான் கூலி தரவேண்டும் என்றான். அது தீயணைப்பு நிலையத்தின் பின்னால் நின்றது. வெண்டல் பக்கத்து ஊர்ப் பெட்ரோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். வரி ரசீது வந்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் பதினோரு டாலர் குறைந்திருந்தது. ஆர்லோ அந்த ரசீதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஜூன் மாதம் ஆறு கரை புரண்டது. சோளக் காட்டில் தண்ணீர் தேங்கியது. தண்ணீர் வடிந்த ஒன்றரை வாரத்தில் கொசு வந்தது.

வந்தது என்று சொன்னால் போதாது. மேகம் போலத் திரண்டது. பையன்களின் பேஸ்பால் ஆட்டத்தில் பந்து போடுகிறவன் ஒரு கையால் போட்டு, மறு கையால் கழுத்தில் அறைந்துகொண்டான். மூன்றாவது சுற்றோடு நடுவர் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். சுதந்திர தின ஊர்வலத்தில் பள்ளி வாத்தியக் குழு தாளம் தப்பி வாசித்தது. மெத்தடிஸ்ட் திருச்சபை விருந்தில் பாதிரியார் ஜெபம் சொல்லும்போது ஆமென் வருவதற்கு முன்பே சபை முழுக்கக் கைதட்டியது. பக்தியால் அல்ல.

ஆர்லோவின் தொலைபேசி ஓயவில்லை. உணவகத்தில் அவர் நுழைந்தாலே மேசைகள் நெளிந்தன. ஓய்வுபெற்ற கசாப்புக் கடைக்காரர் கஸ் ஃபெல்ட்மன், உச்சவரம்பு ஓட்டின்போது ஆர்லோவோடு தோளோடு தோளாகத் தெருத்தெருவாக அலைந்த கூட்டாளி, தன் முழங்கையை நீட்டினார். அது பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது.

"ஆர்லோ, உன் பதினோரு டாலர் இதுல எங்கப்பா இருக்கு? தேடிக் குடு."

"மருந்துக் குப்பி வாங்கித் தடவிக்க வேண்டியதுதானே? அவனவன் கொசுவை அவனவன் பாத்துக்கணும். அதுதான் சுதந்திரம்."

"வாங்கினேன்யா. இதுவரைக்கும் நாப்பது டாலர். அதைத் தடவிக்கிட்டா கொசு போகுதோ இல்லையோ, என் பொண்டாட்டி அடுத்த அறைக்குப் போயிடுறா."

மேசை சிரித்தது. ஆர்லோ சிரிக்கவில்லை. பட்டறையில் குனிந்து நட்டு முடுக்கும்போது அவருக்கே முதுகில் சட்டை மேல் ஒரு வரிசை உட்கார்ந்து குடித்தது. நோரீன் மாலையில் வாசல் முகப்பில் உட்கார்ந்து குளிர்ந்த தேநீர் குடிக்கும் ஒரே சுகத்தை விட்டுவிட்டுத் தலையணை உறைக்குள் காலை நுழைத்துக்கொண்டு டிவி பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான்காம் நாள் மாலை ஆர்லோ கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்குப் போனார்.

வண்டியின் பின்னால் இருந்த புகைபோடும் இயந்திரம், புல்வெட்டியின் அண்ணன்தான். ஒரு மணி நேரத்தில் இரும வைத்துவிட்டார். கொட்டகையில் போன வருட மருந்தும் மூன்று பீப்பாய் மிச்சம் இருந்தது. ஆனால் மருந்தடிக்க உரிமம் வேண்டும். உரிமம் வெண்டலிடம் இருந்தது. ஆர்லோ பக்கத்து ஊருக்குப் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டார். தேவையே இல்லாமல் கண்ணாடியையும் துடைக்கச் சொன்னார்.

"வெண்டல், ஒரு உதவி."

"சொல்லுங்க. என்னை வேலையை விட்டுத் தூக்கினவர் நீங்க. உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்வேன்?" என்றான் வெண்டல், கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் தேய்த்துக்கொண்டே.

"சம்பளம் கிடையாது."

"அது தெரியும். நான் ஓட்ட மாட்டேன், பீப்பாய் தூக்க மாட்டேன். உரிமம் எடுத்துக்கிட்டு வந்து உக்காருவேன். சாயங்காலம் சாப்பாடு உங்க வீட்ல."

அன்றிலிருந்து அந்தி சாயும் நேரத்தில் பெக்வித் தெருக்களில் ஓர் ஊர்வலம் போனது. ஆர்லோ வியர்க்க வியர்க்க ஓட்டுவார். வெண்டல் பக்கத்து இருக்கையில் மாப்பிள்ளை போல உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி, "மெதுவா... பிலிப்ஸ் வீட்டு வேலி ஓரமா ஒரு தடவை திரும்பி வாங்க" என்று உத்தரவு போடுவான். ஜன்னல்களில் முகங்கள் தெரியும். சில பேர் கைதட்டினார்கள். ஆர்லோ தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மருந்து தீர்ந்துகொண்டே வந்தது. அடுத்த வருடத்துக்கு வரியைத் திரும்பப் போடலாம் என்று ஆர்லோ பின்னறைக் கூட்டத்தில் மெல்லச் சொன்னார். சொல்லும்போது தன் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"போட முடியாது தம்பி" என்றாள் மேக்சீன். "போன வருஷத்தைவிட நூத்துக்கு மூணுதான் கூட்டலாம். இந்த வருஷம் எவ்வளவு போட்டோம்?"

"பூஜ்யம்."

"பூஜ்யத்துல நூத்துக்கு மூணு எவ்வளவு?"

ஆர்லோ மறுபடி காலணியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் எழுதி வாங்கியிருக்க சட்டத்தை. எந்தப் பக்கமும் ஒரு ஓட்டை இல்ல" என்றாள் மேக்சீன். நிஜமான பாராட்டுத்தான்.

"அக்கா, அன்னைக்குக் கையைத் தூக்கும்போதே இது உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எட்டு வருஷமா ராஜினாமா குடுக்குறேன், எவனும் வாங்கல. நீ வந்து மூடுறேன்னு நின்ன. ஆண்டவரே ஆள் அனுப்பிட்டார்னு நினைச்சுத் தூக்கிட்டேன்."

இனி ஒரே வழி மக்களிடம் ஓட்டுக் கேட்பது. தன் ஆயுளில் முதல் தடவையாக ஆர்லோ டெட்மர் வரி போடச் சொல்லிக் கதவைத் தட்டினார். முதல் கதவே கஸ் ஃபெல்ட்மனுடையது. கஸ் கதவைப் பாதி திறந்து, தொண்டையை நீளமாகச் செருமினார்.

"'ஒரு டாலரைக் கேட்டு வரவனுக்குக் கதவைத் திறந்தா, நாளைக்கு அவன் கட்டிலைக் கேட்டு வருவான்.' இதை யாரு சொன்னது?"

"நான்தான்."

"'வரி கேக்குறவன் எல்லாம் சிரிச்ச முகமாத்தான் வருவான்.' இது?"

"அதுவும் நான்தான். இப்ப நான் சிரிக்கல பாரு."

"அதனாலதான் பாதிக் கதவாவது திறந்திருக்கேன்" என்றார் கஸ்.

ஊர் முழுக்க இதே கதை. அவர் பேச்சை அவரைவிட ஊர்க்காரர்கள் நன்றாகப் பேசினார்கள். அவர் ஊருக்குப் பாடம் நடத்தித் தேற வைத்திருந்தார். இப்போது அவரே தேர்வில் தோற்றுக்கொண்டிருந்தார். ஓட்டு நவம்பரில் வைத்தார்கள். நவம்பரில் பெக்வித்தில் உறைபனி. கொசு என்ற ஒன்று உலகத்தில் இருந்ததாகவே யாருக்கும் ஞாபகம் இல்லை. தீர்மானம் மண்ணைக் கவ்வியது.

"மனசு விட்டுராதே" என்றாள் நோரீன். "இப்பதான் நீ சாதாரண மனுஷன் மாதிரி இருக்க. பக்கத்துல உக்காந்தா கத்தாம பேசுற."

அடுத்த கோடையும் மழை கொட்டியது. இந்தத் தடவை ஆர்லோ விவரமாக, கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைப் பொறுக்கும் ஆகஸ்ட் மாதத்து முதல்கட்டத் தேர்தலோடு ஓட்டைச் சேர்த்துக் கேட்டார். அதுவரை உணவகத்தில் ஊறுகாய்ப் புட்டி ஒன்றை வைத்து, விழுந்த சில்லறையில் மருந்து வாங்கி, வண்டியை ஓட்டினார். ஓட்டுச்சாவடி லூத்தரன் திருச்சபைக் கூடத்தில். ஓட்டுக்கு முந்தின நாள் மாலை அந்தத் தெருவுக்கு மருந்தடிக்க வேண்டிய முறை.

அன்றைக்குப் பார்த்து வண்டி படுத்துவிட்டது.

ஆர்லோ உண்மையாகவே பாடுபட்டார். பிளக்கை மாற்றினார், குழாயை ஊதினார், ஊதியதில் வாயெல்லாம் பெட்ரோல். வெண்டல் இருக்கையைவிட்டு இறங்கிப் பார்த்ததே அந்த வண்டி எவ்வளவு மோசமாகக் கெட்டுப்போயிருந்தது என்பதற்குச் சாட்சி. கூடத்தின் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம். மறுநாள் காலை ஓட்டுப் போட வரிசையில் நின்றவர்கள், நின்றார்கள் என்று சொல்ல முடியாது, ஆடினார்கள். கன்னத்தில் அறைந்துகொண்டும், கெண்டைக்காலை மறு காலால் தேய்த்துக்கொண்டும், ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டுக்கொண்டும் உள்ளே போனவர்கள், சீட்டில் கொசு வரி எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துக் குத்தினார்கள்.

பத்தில் ஏழு பேர் சம்மதம்.

உணவகத்தில் அவர் நுழைந்ததும் மேசைகள் எழுந்து நின்றன.

"பயங்கர ஆளுய்யா நீ" என்றார் கஸ். கழுத்தெல்லாம் தடிப்பு. "சரியா அந்தத் தெருவை மட்டும் விட்டுட்டியே!"

"கஸ், சத்தியமா வண்டி கெட்டுப்போச்சு."

"ஆமா. இந்த ஊர்லயே எஞ்சின் வேலை தெரிஞ்ச ஒரே ஆளு. உன் கையில வண்டி கெட்டுப்போச்சு. நாங்க நம்பிட்டோம்."

ஆர்லோ வெண்டலைப் பார்த்தார். வெண்டலுக்கு வேலை திரும்பக் கிடைத்திருந்தது, அரைச் சம்பளத்தோடு. அவன் காப்பியைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பேச மாட்டேன்" என்றான். அதோடு ஊர் முழுக்க உறுதியாக நம்பிவிட்டது. ஆர்லோ எத்தனையோ வருடம் நிஜமாகச் சாமர்த்தியம் செய்தபோது ஒரு பயலும் மெச்சவில்லை. செய்யாத சாமர்த்தியத்துக்கு முதுகில் தட்டு வாங்கினார். முதலில் மறுத்தார். பிறகு மறுப்பதைக் குறைத்துக்கொண்டார்.

மேக்சீனின் ராஜினாமாவை இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள். வாரியத் தலைவர் இப்போது ஆர்லோதான். ரசீதில் பதினோரு டாலர் திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் சிறைச்சாலைக் கூரைக்குப் புது வரி கேட்டார்கள். தலைவர் ஆர்லோவைப் பார்த்து, கூட்டாளியைப் பார்ப்பது போல அன்பாகப் புன்னகைத்தார்.

ஆர்லோ எழுந்து நின்றார்.

"யோவ், நீயே வரி போட்ட ஆளாச்சே!" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

"கொசு வேற, கூரை வேற" என்றார் ஆர்லோ. "ஜெயிலுக்கு நான் போகப் போறதில்ல."