கணக்கு அக்காவின் ‘கிர்ர்ர்... டக்!’

“கிர்ர்ர்... கிர்ர்ர்... டக்! அப்புறம் பெருமூச்சு விடுற மாதிரி ஒரு ‘ஹும்ம்ம்’. கேட்டுச்சா தம்பி?”

கண்ணை இறுக மூடி, போனை வாயோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கணக்கு அக்கா பிரிண்டரைப் போலவே சத்தம் போட்டுக் காட்டுகிறார். மறுமுனையில் மெக்கானிக் தம்பி, “அந்த டக்கு முதல்லயா, கடைசியிலயா அக்கா?” என்று கேட்டால் ஆரம்பத்திலிருந்து இன்னொரு முறை நடக்கும். அட்டைப்பெட்டி செய்யும் அந்தச் சின்னக் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள் திகைத்துத்தான் போவார்கள். பழகியவர்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. தம்பி இருப்பது ஊரின் மறுகோடியில். பாதி நாள் போனிலேயே வைத்தியம் முடிந்துவிடும். மீதி நாள் ஸ்கூட்டரில் வந்து இறங்குவான்.

பெயர்தான் கணக்கு அக்கா. பில் போடுவது, போன் எடுப்பது, முதலாளி எங்கேயோ வைத்துவிட்ட மூக்குக் கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். பிரிண்டரோடு அவருக்குத் தனிப் பேச்சுவார்த்தை உண்டு. “இன்னிக்கு மட்டும் மானத்தைக் காப்பாத்திடு ராசா” என்று மூடியைத் தட்டிக் கொடுப்பார். அடம்பிடித்தால், “பழைய இரும்புக் கடையில போட்டுடுவேன், பாத்துக்கோ” என்று மிரட்டலும் நடக்கும்.

வீணாக்குவது மட்டும் அவருக்கு ஆகாது. ஒரு பக்கம் அச்சான தாளைக் கண்டால் கை பரபரக்கும். ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி எடுத்து, சுருக்கத்தை நீவிவிட்டு, மறுபக்கத்தில் அச்சடிக்க ட்ரேயில் அடுக்கிவிடுவார். ஒன்றிரண்டு பின் அவர் நகத்துக்குத் தப்பிவிடும் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளமாட்டார். “அக்கா, உங்க கால்ல வேணா விழறேன், அந்த ஒருபக்கப் பேப்பரை மட்டும் போடாதீங்க” என்று தம்பி கெஞ்சாத நாளில்லை. “சரிப்பா, சரிப்பா” என்பார். ஸ்கூட்டர் தெருமுனை திரும்புவதற்குள் ட்ரே நிறைந்திருக்கும்.

பழியெல்லாம் தம்பி தலையில் விடிந்தது. “போன வாரம்தானே சரி பண்ணிட்டுப் போனான்? மறுபடியும் மக்கர் பண்ணுது. வேலை தெரியாதவனைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் மாரடிக்கிறது?” என்று முதலாளி சலித்துக்கொண்டார். பெரிய சர்வீஸ் கம்பெனி ஒன்றின் ஒப்பந்தம் அவர் மேஜைக்கு வந்துவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்தவன் மாதிரி பழகிவிட்ட பையனை எப்படி விடுவது? “நல்ல பையன் சார்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த நேரம் பார்த்து, வாசலில் லாரி நிற்கும்போது, பிரிண்டர் மண்டையைப் போட்டது. பில் இல்லாமல் லாரி நகராது. “புதுக் கம்பெனிக்கே போன் போடுங்கம்மா, லட்சணத்தைப் பாத்துடுவோம்” என்றார் முதலாளி. அக்கா போட்டார். ஒன்றை அழுத்தச் சொன்னதும் ஒன்றை அழுத்தினார், இரண்டை அழுத்தச் சொன்னதும் இரண்டை அழுத்தினார். கடைசியில் பிரச்சினையைச் சொல்லச் சொன்னபோது உயிரைக் கொடுத்து “கிர்ர்ர்... டக்!” என்றார்.

“மன்னிக்கவும், நீங்கள் கூறியது புரியவில்லை” என்றது இயந்திரக் குரல்.

தம்பியையே கூப்பிட்டார். அவன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். ஒரு ‘டக்’ கேட்டதுமே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “பின்பக்க மூடியைத் திறங்க அக்கா. உருளைக்கு அடியில ஒரு பின்னு கிடக்கும். எப்பவும் அங்கதான் கிடக்கும்” என்றான்.

“எப்பவுமா?”

“எடுத்துட்டு, சார்கிட்ட தூசின்னு சொல்லிடுங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டு வர்றேன்” என்றான்.

அக்கா கைப்பையிலிருந்து புருவம் திருத்தும் இடுக்கியை எடுத்து, பின்னைப் பிடித்து வெளியே இழுத்தார். பிரிண்டர் சமர்த்தாக ஓடியது. லாரியும் பில்லோடு கிளம்பிப் போனது.

“என்னம்மா கோளாறு?” என்று முதலாளி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

அக்கா அவர் மேஜைக்குப் போனார். “நான் போட்டது சார்” என்று சொல்லி, வளைந்து கறுத்திருந்த அந்தப் பின்னை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டிய கோட்டின் மேல் வைத்தார்.