ஆறாவது மாடி அக்காவைப் பத்தி நான் எழுதினது

மூணு வருஷம் இருக்கும். ஜூன் மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு, பெரும்பாக்கம் குடியிருப்புல ஒரு பிளாக்கோட ஆறாவது மாடியில மூச்சு வாங்கிக்கிட்டு நின்னேன். என் பையில ஒன்பது பக்க ரிப்போர்ட் ஒண்ணு. நான் எந்த வீட்டு வாசல்ல நிக்கிறேனோ, அந்த வீட்டு அக்காவைப் பத்தி நானே எழுதினது. அதை அவங்களுக்கே வாசிச்சுக் காட்டத்தான் போயிருந்தேன். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொன்னப்போ, "உனக்கென்ன பைத்தியமா?"ன்னு கேட்டாங்க. நான் காதுல வாங்கல. எதைத்தான் காதுல வாங்கியிருக்கேன்?

முதல்லேர்ந்து சொல்றேன். தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ்ல எம்.எஸ்.டபிள்யூ. படிச்சேன். சோஷியல் ஒர்க்னு சொன்னா எங்க சொந்தக்காரங்க, "ஓ, மரம் நடுவீங்களா?"ன்னு கேப்பாங்க. வாரத்துல ரெண்டு நாள் ஃபீல்டு ஒர்க் இருக்கும். என்னைப் பெரும்பாக்கத்துக்குப் போட்டாங்க. சிட்டிக்குள்ள ஆத்தோரமா குடிசையில இருந்தவங்களுக்கு அங்க வீடு கொடுத்திருந்தாங்க. அப்படி வந்தவங்கதான் இந்த அக்கா. நாப்பத்தஞ்சு வயசுக்குள்ளதான் இருக்கும். பக்கத்து அபார்ட்மென்ட்ல நாலு வீட்டுல வேலை பாத்தாங்க. வீட்டுல அவங்க மட்டும்தான். ஒரே பையன். "வெளியூர்ல வேலை பாக்குறாம்மா"ன்னு சொன்னாங்க.

சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் விடுவேனா? எதிர் வீட்டம்மாகிட்ட போய் உக்காந்தேன். அவங்களும் அதே ஆத்தோரத்துலேர்ந்து வந்தவங்க. முதல் நாள் வாயே திறக்கல. ரெண்டாவது நாளும் போனேன், மூணாவது நாளும் போனேன். கடைசியில குரலைத் தாழ்த்திக்கிட்டுச் சொன்னாங்க: ஏதோ அடிதடி கேஸ்ல பையன் ஜெயில்ல இருக்கான். அன்னைக்கு பஸ்ல திரும்பி வரும்போது, ரிப்போர்ட்டுக்கு நல்ல விஷயம் கிடைச்சுதேன்னு எனக்கு ஒரே குஷி. இப்ப நினைச்சா என் கன்னத்துல நானே அறைஞ்சுக்கணும் போல இருக்கு.

இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா எழுதித் தள்ளினேன். தனிமைப்பட்டவர். ஆதரவற்றவர். மகன் கைவிட்டுப் போய்விட்டான். மகன் சிறையில் இருப்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார். ஃபார்ம்ல 'உறவினர்கள்'னு ஒரு கட்டம் இருந்துச்சு, அங்க 'யாரும் இல்லை'ன்னு போட்டேன். எதிர் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவுல குழம்புக் கிண்ணம் போறதும் வர்றதும் என் கண்ணுலயே பட்டுச்சு. ஆனா எதிர் வீட்டம்மா உறவினர் இல்லையே, அதை எந்தக் கட்டத்துல எழுதறது?

அந்த ரிப்போர்ட்டுக்கு கிளாஸ்லயே அதிக மார்க். வெளிநாட்டுல ஒரு செமஸ்டர் படிக்க ஆள் எடுத்தப்போ, இன்டர்வியூல இதே கதையைத்தான் சொன்னேன். ஒரு மேடம் கண்ணைக்கூடத் துடைச்சுக்கிட்டாங்க. செலக்ட் ஆயிட்டேன். சுருக்கமாச் சொன்னா, அந்த அக்கா கதையைச் சொல்லித்தான் நான் ப்ளேன் ஏறினேன்.

போனது ஸ்காட்லாந்துல ஒரு சின்ன ஊருக்கு. ஐயோ, அந்த ஆறு மாசம்! தங்கியிருந்த இடத்துல எட்டு பேருக்கு ஒரே சமையல்கட்டு. எதிர்ல பாத்தா எல்லாரும் "ஆல்ரைட்?"னு கேப்பாங்க. அடடா, நம்மளை விசாரிக்கிறாங்களேன்னு நான் நின்னு, "இல்ல, கொஞ்சம் தலைவலி"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள ஆள் கதவைத் தாண்டிப் போயிருப்பாங்க. அது கேள்வியே இல்ல, அங்க வணக்கம் சொல்ற விதம்னு புரியவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அது புரிஞ்சதுக்கு அப்புறம் இன்னும் மோசம்.

எங்க வீடு பொழிச்சலூர்ல. ஏர்போர்ட் பக்கம்ங்கறதால ப்ளேன் தலைமேல போனா பேச்சை நிறுத்திட்டு, போனதும் விட்ட இடத்துலேர்ந்து பேசுவோம். ஒரு நாள் போன்ல அம்மா, "இருடி, ப்ளேன் போவுது"ன்னு நிறுத்தினாங்க. அந்த இரைச்சலைக் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தவ தேம்பித் தேம்பி அழுதுட்டேன். அம்மா திரும்பப் பேசறதுக்குள்ள ஜலதோஷம் மாதிரி மூக்கை உறிஞ்சி சமாளிச்சேன். அதுக்கப்புறம் சரியா சாப்பிடல, கிளாசுக்கும் போகல. டீச்சர் ஒருத்தர் கவனிச்சு, மாணவர்களுக்கு உதவி பண்ற ஆபீசுக்கு அனுப்பினார்.

அங்க இருந்த மேடம் அரை மணி நேரம் பொறுமையா கேட்டாங்க, டைப் பண்ணாங்க. அப்புறம் கம்ப்யூட்டரை என் பக்கமாத் திருப்பி, "சேவ் பண்றதுக்கு முன்னாடி படிச்சுப் பாரு, தப்பு இருந்தா சொல்லு"ன்னாங்க. படிச்சேன். 'தனிமைப்பட்டவர். நண்பர்கள் யாரும் இல்லை.' எனக்கு வந்துச்சே ஒரு கோபம்! யாரைப் பாத்து யாரும் இல்லேங்கறாங்க? பொழிச்சலூர்ல எங்க தெருவே என் ஆளுங்கதான். இங்கயும் காலையில பஸ் டிரைவர் தினமும் எனக்குக் கை காட்டுவாரேன்னு அந்த மேடம்கிட்ட வாதம் பண்ணேன். பஸ் டிரைவரைச் சாட்சிக்குக் கூப்பிடற அளவுக்கு ஆயிட்டேனேன்னு சொல்லும்போதே எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவங்க சிரிக்கல. அந்த வரியை அழிச்சுட்டு, 'தன் ஆட்களை விட்டுத் தூரத்தில் இருக்கிறார்'னு எழுதிக் காட்டினாங்க. அது சரியா இருந்துச்சு.

வெளிய வந்து பெஞ்சுல உக்காந்ததும்தான் சுருக்குனு தைச்சுது. தனிமைப்பட்டவர். நான் ஆறாவது மாடி அக்காவுக்கு எழுதின அதே வார்த்தை. அவங்ககிட்ட யாரு திருப்பிக் காட்டினா? நாப்பது பேர் உக்காந்திருந்த கிளாஸ்ல அந்த ரிப்போர்ட்டை ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டினேன், அவங்களுக்கு மட்டும் காட்டல. ஊருக்குப் போனதும் முதல் வேலை அதுதான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

சரி, இப்ப அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

அக்கா என்னைப் பாத்ததும், "இன்னாம்மா, சீமைக்குப் போய் எளச்சிட்டு வந்துகீற"ன்னு சிரிச்சாங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். அவங்களைப் பத்தி எழுதி வச்சிருக்கேன், வாசிக்கிறேன், தப்பு இருந்தா மாத்திடலாம். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து, "படி"ன்னாங்க.

ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லிக்கிட்டே போனேன். அந்த ஆறு மாசத்துல எனக்குக் கிடைச்ச தைரியம் எல்லாத்தையும் சேர்த்து, ஜெயில் விஷயத்தையும் மறைக்காம வாசிச்சேன். 'மகன் கைவிட்டுப் போய்விட்டான்'ங்கற இடத்துல கையை நீட்டி நிறுத்தினாங்க. "வுட்டுட்டா போனான்? புட்சிகினு போனாங்கோ. மாத்து அத." அடிச்சு மாத்தி எழுதினேன். நான் கிளாஸ்ல காட்டினதையும், பேரை மாத்திட்டதையும் சொன்னேன். "பேரை மாத்திட்டா அது நான் இல்லேன்னு ஆயிடுமா?"ன்னாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஆனா உண்மையைச் சொல்றேன், உள்ளுக்குள்ள ஒரு பெருமை. ஸ்காட்லாந்துல அந்த மேடம் எனக்குப் பண்ண மாதிரியே நடக்குதேன்னு.

அப்பதான் அந்தக் கேள்வி வந்துச்சு.

"அவன் உள்ள கீறான்னு உனக்கு யாரு சொன்னா?"

என் கண்ணு தானா எதிர் வீட்டுப் பக்கம் போச்சு. அதுவே அவங்களுக்குப் போதுமானதா இருந்துச்சு. "இந்த பிளாக்குலயே அவ ஒருத்திக்குத்தான் தெரியும்"னு மெதுவா சொன்னாங்க. என்கிட்ட சொல்லல, தரையைப் பாத்துச் சொன்னாங்க. நான் பதறிப் போய், "அவங்க மேல தப்பே இல்லக்கா, மூணு நாள் நான்தான் நச்சரிச்சேன்"னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன்.

"நீ கேப்ப. கேக்குறது உன் படிப்பு. அவ எதுக்குச் சொல்லணும்?"

கத்தவே இல்ல. கத்தியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க, பத்திரமா போய்ட்டு வான்னாங்க. கதவைத் திறந்தா எதிர்ல எதிர் வீட்டம்மா வாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்காங்க. என்னைப் பாத்து, "எப்ப வந்த கண்ணு?"ன்னாங்க. எனக்குப் பின்னாடி அக்கா கதவைச் சாத்திட்டாங்க.

ஸ்காட்லாந்துல ஒருத்தருக்கு அவங்க ஃபைலைக் காட்டறதுக்கு முன்னாடி, மத்தவங்க சொன்ன விஷயங்களைக் கறுப்பு மையால மறைச்சுட்டுத்தான் காட்டுவாங்க. சொன்னவங்களுக்கும் அந்த ஃபைலுக்கு உரியவங்களுக்கும் நடுவுல விரோதம் வரக்கூடாதுன்னு. அதுவும் பாடத்துல இருந்துச்சு. அந்த கிளாஸ் நடந்தப்போ நான் ரூம்ல போர்வைக்குள்ள படுத்து அழுதுக்கிட்டு இருந்தேன். பாதியை மட்டும் கத்துக்கிட்டு வந்து, மொத்தமும் தெரிஞ்ச மாதிரி ஆறு மாடி ஏறிட்டேன்.

அதுக்கப்புறம் நாலஞ்சு தடவை போனேன். சமாதானம் பண்ணப் பாத்தேன். எதிர் வீட்டம்மாவும் எத்தனையோ தடவை போய்ப் பேசியிருக்காங்க. அக்கா எனக்கு டீ போட்டுக் கொடுப்பாங்க, என்கிட்ட நல்லாத்தான் பேசுவாங்க. அந்தம்மா பேரை எடுத்தா மட்டும் எழுந்து போய் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுடுவாங்க. பையன் வெளிய வந்தும் ஒரு வருஷம் ஆச்சு, வேலைக்குப் போறான். அக்காவும் எதிர் வீட்டம்மாவும் இன்னும் பேசிக்கல.

நான் இப்ப இதே வேலையிலதான் இருக்கேன். யார் வீட்டுலயாவது உக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கும்போது, பக்கத்து வீட்டுலேர்ந்து யாராவது கிண்ணத்தோட உள்ள வந்தா, பேனாவை மூடி வச்சுடறேன். அந்த அக்காவைத் தனிமைப்பட்டவர்னு நான் எழுதினப்போ அது பச்சைப் பொய். அதை அவங்ககிட்டயே வாசிச்சுக் காட்டி உண்மையாக்கிட்டு வந்ததும் நான்தான்.